நீங்கள் மனிதர்தானா?

"நீங்கள் மனிதர்தானா?" என்று யாராவது உங்கள் முகத்துக்கு நேரே கேட்டால் என்ன செய்வீர்கள்? கேட்டவள் அடுத்த வீட்டுக்காரியாக இருந்தால் ஒரு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். கேட்டவர் கணவராக இருந்தால் அன்று ராத்திரிச் சாப்பாடு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கம்ப்யூட்டர் இதையே கேட்டால் நமக்குக் கோபம் வருவதில்லை! "நான் ரோபோ அல்ல" என்று எழுதியிருக்கும் கட்டத்தில் பவ்யமாக ஒரு 'டிக்' போடுகிறோம். "இந்த ஒன்பது படங்களில் எதிலெல்லாம் பஸ் தெரிகிறது?" என்று கேட்டால், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பஸ் தேடுகிறோம்.

இந்த விசித்திரக் கேள்விக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. அதைத் தேடிப் போனால் வழி நம் நீலகிரி மலை ஏறி, குன்னூரில் ஒரு பங்களா வாசலில் போய் நிற்கிறது.

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூர் ஜங்ஷன் இருக்கிறதல்லவா? அந்த ஊரில் 1881-ம் வருஷம் ஈதெல் ஸாரா ஸ்டோனி என்ற வெள்ளைக்காரக் குழந்தை பிறந்தது. தகப்பனார் எட்வர்டு வாலர் ஸ்டோனி, சென்னை ரயில்வேயில் தலைமை இன்ஜினீயராக உயர்ந்தவர். குடும்பத்துக்குக் குன்னூரில் பங்களா. ஸாரா 1907-ல் ஜூலியஸ் டூரிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர்தான். மறு வருஷம் செப்டம்பரில், குன்னூரில், மூத்த பிள்ளை ஜான் பிறந்தான். மலை ரயில் குன்னூரோடு நின்றுவிடாமல் உதகமண்டலம் வரை ஓட ஆரம்பித்ததும் அதே 1908-ல்தான்.

இளைய பிள்ளை ஆலன், 1912-ல் லண்டனில் பிறந்து இங்கிலாந்திலேயே வளர்ந்தான். கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்குப் பிதாமகர் என்று இன்று உலகம் கொண்டாடுகிற ஆலன் டூரிங் அவர்தான். 1950-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். திரைக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஒரு இயந்திரமும் இருக்கட்டும். இந்தப் பக்கம் இருப்பவர் எழுத்து மூலமாகவே கேள்வி கேட்டு, பதிலை வாங்கிப் படித்து, எது மனிதர், எது இயந்திரம் என்று கண்டுபிடிக்கட்டும் என்றார். ஐம்பது வருஷம் கழித்து, அமெரிக்காவில் கார்னகி மெலன் சர்வகலாசாலையில் லூயிஸ் வான் ஆன், மானுவல் ப்ளம் முதலானோர் இந்தப் பரீட்சையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இப்போது கேள்வி கேட்பது இயந்திரம். தன்னை மனிதர் என்று நிரூபிக்க வேண்டியவர் நாம்! அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கேப்ட்சா'. ஆங்கிலத்தில் அது ஏழு எழுத்துச் சொல். நட்டநடுவில் நிற்கும் 'டி', டூரிங் என்ற பெயரின் முதல் எழுத்து.

குன்னூர் மாமியாரும் ரயில்வே தாத்தாவும் இருக்கட்டும், இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகள் யாரையாவது பார்க்கப் போனால், நேரே உள்ளே போய்விட மாட்டார்கள். வாசலில் 'வீட்டில் இல்லை' என்று எழுதிய ஒரு பெட்டி இருக்கும். அதில் தங்கள் பெயர் அச்சிட்ட கார்டைப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்வார்கள். வீட்டுக்கார அம்மாள் கார்டைப் பார்த்து, பிடித்திருந்தால் பதில் மரியாதை செய்வாள். இன்றைக்கு வெப்சைட்டில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று பெயர், இமெயில், செய்தி என மூன்று கட்டங்கள் இருக்கின்றனவே, அது அந்தப் பெட்டியின் பேத்திதான். ஒரே வித்தியாசம், அந்தப் பெட்டியில் கார்டு போட மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பெட்டிக்குப் பாதிப் பேர் மனிதர்களே அல்ல.

குன்னூரில் இன்று ஒரு குடும்பத்தலைவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். காலியாக இருக்கும் இரண்டு அறைகளைச் சுத்தம் செய்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். ஏப்ரல், மே இரண்டு மாதந்தான் அவளுக்கு அறுவடை. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று ஜனங்கள் மலை ஏறுகிற காலம். கோயமுத்தூரில் படிக்கும் மருமான் ஒரு வெப்சைட் போட்டுக்கொடுத்து, அதில் ஒரு விசாரணைப் படிவமும் வைத்துவிட்டுப் போகிறான். முதல் வாரம் இரண்டு நல்ல கடிதங்கள் வருகின்றன. அடுத்த வாரம் நாற்பது. அடேயப்பா, நாற்பதா! திறந்து பார்த்தால் ஒன்று சீமை மருந்து விளம்பரம், ஒன்று சூதாட்டம், ஒன்று "உங்கள் வெப்சைட்டை உலகப் பிரசித்தி ஆக்குகிறோம்", மற்றொன்று எந்த பாஷையென்றே தெரியவில்லை. அந்த நாற்பதுக்கு நடுவே, கும்பகோணத்திலிருந்து குடும்பத்தோடு வர விரும்பும் ஒருவர் அறை கேட்டு எழுதியிருப்பார். அது கண்ணில் படாமலே போகும். பதில் வராததால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

நஷ்டம் என்பது அந்த ஒரு கடிதத்தில்தான் இருக்கிறது. நாற்பது குப்பையில் அல்ல. இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

யார் இவளுடைய விலாசத்தை அவர்களுக்குக் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. குன்னூரில் குடியிருப்பவர்களுக்குக் குரங்கு உபமானம் ஒன்றே போதும். கூட்டமாக வரும், உங்கள் வீடு, என் வீடு என்று பார்க்காது. ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளிப் பார்க்கும். தாழ்ப்பாள் போட்டிருந்தால் அடுத்த வீடு. திறந்திருந்தால் சமையலறை நாசம். இந்த இயந்திரங்களுக்கு 'பாட்' என்று பெயர். அவையும் வெப்சைட் வெப்சைட்டாகப் போய் ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்க்கின்றன. புதிதாக ஒரு வெப்சைட் தொடங்கி, அதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியவுடனேயே அந்தப் பெயர் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பாட்டுகளுக்குக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்பினாற்போலத்தான்! உறவினர் வருவதற்கு முன் அவை வந்துவிடும்.

வந்து என்ன செய்யும்? சில, விளம்பரத்தைப் போட்டுவிட்டுப் போகும். லட்சம் பேரில் ஒருவர் அந்த இணைப்பைத் தொட்டால் போதும், போட்ட முதல் வந்துவிடும். சில வேவு பார்க்க வருபவை. 'பெயர்' என்ற கட்டத்தில் ஒரு ஒற்றை மேற்கோள் குறியை மட்டும் தட்டிவிட்டு, வெப்சைட் தடுமாறுகிறதா என்று கவனிக்கும். தடுமாறினால், உள்ளே இருக்கும் கணக்குப் புத்தகத்துக்குச் சந்து இருக்கிறது என்று அர்த்தம். படிவத்தை எழுதிய இளைஞன், உள்ளே வரும் எழுத்தை வெறும் எழுத்தாகவே வைக்கும்படி எழுதியிருந்தால் பயமில்லை. அதைக் கட்டளையோடு சேர்த்துக் கோத்திருந்தால்தான் ஆபத்து.

எல்லாவற்றையும்விடப் பொல்லாத வேலை ஒன்று இருக்கிறது. பல வீட்டுக்காரர்களுக்கு இது நடப்பதே தெரியாது. விசாரித்து எழுதுபவருக்கு, "உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி" என்று தானாகவே ஒரு இமெயில் போகும்படி செய்திருப்பார்கள். மரியாதைதானே! அதோடு நிற்காமல், அவர் எழுதிய செய்தியையும் கீழே நகல் எடுத்து அனுப்புவார்கள். பாட் இதை மோப்பம் பிடித்துவிடும். இமெயில் கட்டத்தில் தன் விலாசத்தையா போடும்? முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய விலாசத்தைப் போடும். செய்திக் கட்டத்தில் சூதாட்ட விளம்பரம். உடனே நம் குன்னூர் அம்மாளின் வெப்சைட் அந்த விளம்பரத்தை அந்த அப்பாவிக்கு, தன் பெயரிலேயே, தன் செலவிலேயே, 'நன்றி' சேர்த்து அனுப்பிவைக்கும்!

"அத்தை, உங்க சைட்டிலேருந்து எனக்குச் சூதாட்ட விளம்பரம் வந்திருக்கே!"

"நானாடா அனுப்பினேன்? சீட்டுக்கட்டை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேனே!"

அத்தை சொல்வது வாஸ்தவம். ஆனால் இமெயில் கம்பெனிகளுக்கு அத்தையைத் தெரியாது. இந்த விலாசத்திலிருந்து குப்பை வருகிறது என்று ஒரு தரம் குறித்துவைத்துவிட்டால், அப்புறம் அவள் கும்பகோணத்துக்காரருக்கு எழுதும் உண்மையான பதிலும் அவருடைய குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஆகவே நன்றிக் கடிதம் இரண்டே வரியில் இருக்கட்டும். வந்தவர் எழுதியதில் ஒரு எழுத்துக்கூட, அவர் பெயர் உட்பட, அதில் இடம்பெற வேண்டாம். அப்படிச் செய்துவிட்டால் இந்தப் பாட்டுக்கு அந்த வீட்டில் ஜோலி இல்லை. பழைய படிவங்களில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பெயர்க் கட்டத்தில் பெயரை எழுதி, அடுத்த வரிக்குத் தாவி, "நகல் இன்னின்னாருக்கு" என்று விலாசங்களை அடுக்கிவிடுவார்கள். பெயருக்கும் பொருளுக்கும் ஒரே வரிதான் என்று கட்டாயப்படுத்துவது இதற்கு மருந்து.

இந்தத் தொல்லைக்கு வயது ஐம்பதுக்கு மேல் இல்லை. 1978 மே 3-ம் தேதி, அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் காரி தூர்க் என்பவர், தங்கள் புதுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வரும்படி சுமார் 400 பேருக்கு ஒரே சமயத்தில் செய்தி அனுப்பினார். அதுதான் முதல் என்று கணக்கு. 'ஸ்பாம்' என்ற பெயரோ, 1937-ல் வந்த ஒரு டப்பா மாமிசத்தின் பெயர். 1970-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் ஒரு ஹாஸ்ய நாடகத்தில் ஹோட்டல்காரி எதைக் கேட்டாலும் ஸ்பாம், ஸ்பாம் என்றே அடுக்கிக்கொண்டு போவாள். வேண்டாத கடிதத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சரி, கதவை எப்படிச் சாத்துவது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கேப்ட்சாதான். வைத்துவிட்டால் கவலை விட்டது என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிரியம் இல்லை. அமெரிக்கத் தெருவோரத்தில் நிற்கும் தீயணைப்புக் குழாயைக் காட்டி, "இது எந்தப் படத்தில் இருக்கிறது?" என்றால் நம் பாட்டிமார்கள் எங்கே போவார்கள்? அந்தக் குழாயை நம் ஊரில் யார் கண்டார்கள்! பார்வை மங்கியவர்கள் பாடு இன்னும் கஷ்டம். சிரமப்பட்டாலும் பலன் உண்டா என்றால், 2023-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் இர்வின் பிரிவைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து பார்த்து, இந்தப் புதிர்களை மனிதரைவிட பாட்டுகளே வேகமாகவும் சரியாகவும் போடுகின்றன என்றார்கள். 2024-ல் ஸூரிச் ஆராய்ச்சியாளர்கள் படம் பார்க்கும் ஒரு ப்ரோக்ராமைப் பழக்கி, பஸ், சிக்னல் விளக்குப் புதிர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் போட வைத்துவிட்டார்கள். காசு கொடுத்தால் புதிர் போட்டுத்தர ஆட்களும் கூலிக்குக் கிடைக்கிறார்கள். ஆக, கேப்ட்சாவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர் பெரும்பாலும் நாம்தான்! கண்டுபிடித்த லூயிஸ் வான் ஆனுக்கே இது உறுத்தியது. உலகத்தார் தினமும் இதில் ஐந்து லட்சம் மணி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று கணக்குப் பார்த்து, அந்த உழைப்பைப் பழைய புத்தகங்களையும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பழைய இதழ்களையும் எழுத்துக்கூட்டிப் படிக்கவைக்கும் வேலைக்குத் திருப்பிவிட்டார். அது 2007-ல். இரண்டு வருஷத்தில் கூகிள் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

பின்னே என்ன வழி? விருந்தாளிக்கு வேலை வைக்காமல், குரங்குக்கு மட்டும் பொறி வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. சாமர்த்தியமான வழி, செலவும் இல்லை.

படிவத்தில் மூன்று கட்டங்களோடு நாலாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதைத் திரையில் தெரியாதபடி மறைத்துவிட வேண்டும். மனிதர் கண்ணுக்கு அது தெரியாது. ஆகையால் காலியாகவே விடுவார். பாட் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. அதன் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கிறது. கட்டம் என்று கண்டால் நிரப்பாமல் விடாது. நாலாவது கட்டம் நிரம்பி வந்தால், வந்தவர் யார் என்று தெரிந்துபோயிற்று! இதைத் தேன்குடம் என்கிறார்கள். ஒரு ஜாக்கிரதை வேண்டும். பார்வையற்றவர்கள் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவியை வைத்திருப்பார்கள். அதன் காதில் இந்தக் கட்டம் விழலாம். "இதைக் காலியாக விடவும்" என்று அதன்மேல் எழுதிவைப்பது நல்லது.

இரண்டாவது, கடிகாரம். படிவம் திறந்த நேரத்தையும் அனுப்பிய நேரத்தையும் ஸர்வர் குறித்துக்கொள்ளட்டும். "மே 14 முதல் 17 வரை இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, வெந்நீர் உண்டா?" என்று எழுத எவ்வளவு விரல் வேகம் இருந்தாலும் பத்து விநாடியாவது ஆகும். ஒரு விநாடியில் எழுதி முடிப்பவரோடு நமக்கு என்ன சிநேகம்? ஒரே இடத்திலிருந்து மணிக்கு இத்தனை கடிதந்தான் என்று வரம்பு வைப்பதும் உண்டு. அதில் ரொம்பக் கறாராக இருக்கக் கூடாது. செல்போன் கம்பெனிகள் எத்தனையோ பேருக்குச் சேர்த்து ஒரே இன்டர்நெட் விலாசம் கொடுத்திருக்கும். பஸ்ஸில் வந்த எல்லோரும் ஒரே வீட்டு எண்ணைச் சொல்வது போல. முதல் ஆளை விட்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பினால் வியாபாரம் என்னாவது?

இந்தச் சோதனைகளை எல்லாம் ஸர்வரில்தான் வைக்க வேண்டும், பார்க்கிறவர் திரையில் அல்ல. திரையில் வைத்த காவல்காரனை பாட் லட்சியம் செய்யாது. பக்கத்தைத் திறக்காமலே நேராக ஸர்வருக்குக் கடிதம் போடத் தெரியும் அதற்கு. மருமானிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றே. அவன் தலையைச் சொறிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் கேப்ட்சா வைக்கலாம். படம் காட்டாமல், பின்னணியிலேயே பார்த்துக்கொள்ளும் வகைகளும் வந்திருக்கின்றன. எதற்கு எவ்வளவு பூட்டு என்பது உள்ளே இருக்கும் பண்டத்தைப் பொறுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோ மீட்டர் மலை ரயில் பிரயாணத்துக்கு டிக்கெட் வாங்குகிறோமே, அதே ரயில்வே வெப்சைட்டைப் பாருங்கள். தத்கால் திறக்கும் முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதிவரை பாட்டுகள் என்று 2025 ஜூனில் ரயில்வே மந்திரி இலாகா தெரிவித்தது. சந்தேகத்துக்கு இடமான 2.5 கோடி கணக்குகளை மூடினார்கள். ஜூலை 1 முதல் ஆதாரால் சரிபார்க்கப்பட்டவர்களுக்கே ஆன்லைனில் தத்கால் என்று விதி வந்தது. பாட்டுகள் அள்ளிக்கொண்டு போனால் ஊருக்குப் போக வேண்டியவர் நடுத்தெருவில் நிற்பார். அங்கே அந்தக் கெடுபிடி நியாயம். இரண்டு அறைக்காரி, வெந்நீர் உண்டா என்று கேட்பவரிடம் ஆதார் கேட்டால் நன்றாயிருக்குமா?

பாட்டுகளை வடிகட்டிய பிறகும் மனிதரில் சிலர் மிஞ்சுவார்கள். ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அறை கேட்டு, கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டதாக ஒரு படத்தைக் காட்டி, மிச்சத்தை உடனே திருப்பி அனுப்பச் சொல்பவர்கள் அந்த ரகம். 'நீங்கள் மனிதரா' என்றுதான் கேப்ட்சா கேட்கும். 'நல்ல மனிதரா' என்று கேட்காது. பணம் வந்ததா என்பதை பாங்கிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஏமாந்துபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும்.

இன்னும் ஒரு சங்கதி. நல்ல கடிதம் தொலைந்துபோவதற்குப் பல சமயம் காரணம் பாட் அல்ல, படிவமேதான். வந்தவருடைய இமெயில் விலாசத்தையே அனுப்புநர் விலாசமாகப் போட்டு அத்தைக்குக் கடிதம் அனுப்பும்படி சில படிவங்களைச் செய்துவைத்திருக்கிறார்கள். இமெயில் கம்பெனி, "இவர் பெயரில் அனுப்ப இந்த ஸர்வருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டுக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடுகிறது. அனுப்புநர் என்ற இடத்தில் வெப்சைட்டின் சொந்த விலாசத்தைப் போட்டு, பதில் போக வேண்டிய விலாசமாக மட்டும் வந்தவருடையதைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

தேன்குடத்தில் விழுந்ததை உடனே கொளுத்தவும் கூடாது. தனியாக ஒரு பெட்டியில் போட்டுவைத்து, சாயங்காலம் காப்பிக்கு அப்புறம் ஒரு தரம் மேலோட்டமாகப் பார்த்துவிட வேண்டும். இணைப்பு எதையும் தொடாமல், பார்வை மட்டுந்தான். சில செல்போன்கள், சொந்தக்காரர் கேட்காமலே பெயரையும் விலாசத்தையும் எல்லாக் கட்டங்களிலும் தாங்களே நிரப்பிவிடும், மறைத்துவைத்த கட்டம் உட்பட. அப்படித்தான் ஒரு நாள் மருந்து விளம்பரங்களுக்கும் சூதாட்டத்துக்கும் நடுவே, தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவர் எழுதிய கடிதம் கிடக்கும்: "நானும் என் மனைவியும் வருகிறோம். அவளுக்கு முழங்கால் வலி. படி ஏறாத அறை இருக்குமா?"

இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்த கீழ் அறை. அத்தை அன்றைக்கே பதில் எழுதிவிடுவாள். மறைத்த கட்டத்தைத் தானாக நிரப்பாதபடி திருத்தச் சொல்லி, கையோடு கோயமுத்தூருக்கும் ஒரு போன் போடுவாள்.